படத்தில் விழாத குருத்து



எலும்பைப் பற்றிய பேச்சுக்குக் கவிஞர் அவையில் என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. விடை ஒரு சொல்லில் இருக்கிறது. மூக்கின் நுனிக்கும் காதின் மடலுக்கும் வடிவு தருகின்ற வளையும் பொருளைத் தமிழ் 'குருத்தெலும்பு' என்று அழைக்கிறது. வாழையிலும் பனையிலும் தென்னையிலும் நடுவே சுருண்டு வெளிவருவது குருத்து. அதன் மென்மையைக் கருதியே எலும்புக்கும் அப்பெயரை வைத்திருப்பார்கள் போலும். ஆனால், குழந்தையின் கை கால் எலும்புகளைப் பொறுத்தவரை அச்சொல் மென்மையைத் தாண்டியும் பொருந்திவிடுகிறது. அங்கே குருத்தெலும்பு இருக்கும் இடமே எலும்பு நீளும் இடம். அதற்குக் கேடு வந்தால் வளர்ச்சிக்குக் கேடு. அந்த இடம் அடிபடும்போது அதை எப்படிக் காண்பது, அது ஆறியதா என்பதை எதைக் கொண்டு அறிவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

குழந்தையின் தொடை எலும்பை மனத்தில் கொள்ளலாம். நடுவே நீண்ட தண்டு. மேலும் கீழும் மூட்டில் பொருந்துகின்ற முனை எலும்புகள். தண்டுக்கும் முனைக்கும் இடையே, சில மில்லிமீட்டர் கனத்தில், ஒரு குருத்தெலும்புத் தகடு குறுக்காகக் கிடக்கிறது. அதனை வளர்தகடு என்று குறிப்பிடலாம். அதனுள் உயிரணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல் நிரல் நிரலாக நிற்கின்றன. முனை எலும்பை ஒட்டியவை ஓய்ந்திருப்பவை. அடுத்தவை பிரிந்து பெருகுபவை. அதற்கடுத்தவை உப்பிப் பருத்தவை. கடைசி அடுக்கில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அந்த அணுக்கள் ஓய்ந்து விலக, தண்டின் பக்கமிருந்து இரத்த நாளங்கள் நுழைந்து, அங்கே புது எலும்பு அமைகிறது. ஒரு பக்கம் அணுக்கள் பிறந்துகொண்டும் மறுபக்கம் எலும்பாகிக்கொண்டும் இருப்பதால், தகடு தன் கனத்தில் பெரிதாக மாறாமலே முனையை மூட்டின் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.

எலும்பு நடுவில் நீளுவதில்லை, முனைகளில்தான் நீளுகிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர்களுள் ஒருவர் மரஞ்செடிகளை ஆராய்ந்தவர் என்பது இந்த அவைக்குச் சுவையாக இருக்கும். இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவர ஆய்வு நூலில், இளந்தளிரில் சம தூரத்தில் புள்ளியிட்டு அது எந்த இடத்தில் நீளுகிறது என்று அளந்தார். அதே நூலில் ஒரு கோழிக்குஞ்சும் வருகிறது. அதன் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகளை இட்டார். இரண்டு திங்கள் கழித்து எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே இருந்த தூரமோ அதே அரை அங்குலம்தான். நுண்ணோக்கி வழியாகத் தகட்டை யாரும் அடுக்கடுக்காகப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இரண்டு துளைகளும் ஓர் அளவுகோலும் இந்த உண்மையைச் சொல்லிவிட்டன.

இனிப் படத்துக்கு வரலாம். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். டிசம்பர் 22 அன்று தம் மனைவி ஆன்னா பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிகின்ற அந்தப் படத்தைக் காணாதவர் குறைவு. ஆனால் அது ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையாரின் கை. வளர்ச்சி முடிந்து, தகடுகள் எல்லாம் எலும்பாகி மூடிக்கொண்ட கை. அதே படத்தை ஒரு சிறுமியின் கையில் எடுத்திருந்தால், ஒவ்வொரு விரலெலும்பின் ஒரு முனையிலும் ஒரு கருங்கோடு விழுந்திருக்கும். உலகம் அதை முறிவு என்றே எண்ணியிருக்கக் கூடும். இரண்டே திங்களில், 1896 பிப்ரவரியில், லிவர்பூல் நகரில் ஆலிவர் லாட்ஜும் ராபர்ட் ஜோன்ஸும் ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்திருந்த துப்பாக்கிக் குண்டைப் படத்தில் தேடிக் கண்டார்கள். குழந்தையின் எலும்பு அவ்வளவு விரைவில் கதிரின் முன்னே வந்து நின்றது.

அந்தக் கருங்கோடு ஏன் விழுகிறது? எக்ஸ் கதிரை வழிமறிப்பது எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து. வளர்தகட்டின் பெரும்பகுதியில் அது இல்லை. ஆகவே கதிர் தடையின்றிச் சென்று படத்தைக் கருக்கிவிடுகிறது. எலும்பின் உயிர்ப்பு மிகுந்த பகுதி, படத்தில் ஒன்றுமே இல்லாத இடைவெளியாகத் தெரிகிறது. முதிர்ந்தவரின் படத்தில் அவ்விடத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று சில வேளைகளில் எஞ்சியிருக்கும். தகடு மூடிய வடு அது. வளரும்போது கரியது, முடிந்தபின் வெளியது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

படத்தில் காணாத ஒன்று உடையும்போது அதை எப்படிப் படிப்பது? சுற்றியுள்ளவற்றைக் கொண்டுதான். முனை எலும்பு தன் இடத்திலிருந்து சற்றே விலகியிருக்கிறதா. இடைவெளி ஒரு பக்கம் அகன்றிருக்கிறதா. தண்டின் ஓரத்தில் முக்கோணச் சில்லு ஒன்று பெயர்ந்திருக்கிறதா. மூட்டின் பரப்பில் படி விழுந்திருக்கிறதா? ஐயம் தீராதபோது அடிபடாத மறு கையையோ காலையோ படமெடுத்து ஒப்பிடுவதும் உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் போலண்ட் 1898ஆம் ஆண்டில் இத்தகைய முறிவுகளைப் பற்றி 900 பக்கங்களைத் தாண்டும் நூல் ஒன்றை எழுதினார். அதற்குப் பின் பலரும் வகைப்படுத்தினார்கள். இன்றளவும் மருத்துவர்கள் வாயில் வழங்குவது, கனடாவின் டொரண்டோ நகரைச் சேர்ந்த ராபர்ட் சால்ட்டரும் ராபர்ட் ஹாரிஸும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து வகைப் பகுப்பு.

முதல் வகையில் பிளவு தகட்டின் ஊடாகவே ஓடுகிறது. முனை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால் படம் பழுதற்றதாகத் தோன்றும். இரண்டாம் வகையில் தண்டின் ஓரத்துச் சில்லும் உடன் பெயர்கிறது. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மூன்றாவது, தகட்டில் ஓடிப் பின் மூட்டுக்குள் இறங்குவது. நான்காவது, தண்டு, தகடு, முனை மூன்றையும் குறுக்கே அறுப்பது. ஐந்தாவது வகையே இவ்வுரைக்கு முதன்மையானது. அதில் எதுவும் பிளப்பதில்லை, தகடு நசுங்குகிறது. விழுந்த அன்று எடுத்த படத்தில் எலும்பு இருந்தபடியே இருக்கும். பல திங்கள் கழித்து அந்த இடம் வளராமல் நின்றதைக் கண்ட பிறகே, அன்று நசுங்கியது என்று பின்னோக்கிச் சொல்ல முடிகிறது. இது அரிது. அரிதானாலும், அன்றைய படத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் போதாத நிலை ஒன்று உண்டு என்பதற்கு இதுவே சான்று.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதன்று. காண்டாமிருக வண்டு விரியாத குருத்துக்குள் துளைத்துச் செல்லும்போது தோப்புக்காரர் கண்ணுக்கு மரம் நன்றாகவே இருக்கும். குருத்து விரிந்து மட்டையாகும்போதுதான் கத்தரியால் வெட்டியது போன்ற ஓலைகள் வெளிப்படும். வண்டு கடித்த நாள் வேறு. கடி தெரியும் நாள் வேறு.

இவ்விடத்தில் 'சுளுக்கு' என்ற சொல்லைப் பற்றியும் கூறியாக வேண்டும். பிள்ளை கால் மடங்கி விழுந்தால் சுளுக்கு என்பது ஊர் வழக்கம். எண்ணெய் விட்டு நீவிச் சுளுக்கெடுப்பதும் வழக்கம். முதியவரிடம் மூட்டை இழுத்துப் பிடிக்கும் நார்கள் கிழியக்கூடிய அதே விசை, வளரும் பிள்ளையிடம் நாரை விட்டுவிட்டுத் தகட்டைப் பிளக்கக் கூடும். ஏனெனில் அந்த வயதில் தகட்டைவிட நார் வலியது. ஆகையால் எலும்பின் முனைமேல் விரல் வைத்தால் துடிக்கும் பிள்ளையின் காலை நீவுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நலம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வெளிக் கணுக்காலில் வலியும் படத்தில் பழுதின்மையும் கண்டால் முதல் வகை முறிவு என்று கொண்டு மாவுக்கட்டுப் போடுவது நெடுநாள் நடைமுறையாக இருந்தது. அண்மைக் காலக் காந்தப் பட ஆய்வுகள் அப்பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு இருந்தது உண்மையாகவே சுளுக்குதான் என்று காட்டிவிட்டன. பாட்டிமார்கள் முழுதும் தோற்றுவிடவில்லை.

குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காடு வளர்தகட்டைத் தொடுகின்றன. அவற்றில் மிகப் பல நன்றாகவே ஆறுகின்றன. பிளவு பெரும்பாலும் உப்பிப் பருத்த அணுக்களின் அடுக்கில் ஓடுவதும், பிறப்பிக்கும் அணுக்கள் முனை எலும்பின் பக்கம் தங்கள் இரத்த ஓட்டத்தோடு பிழைத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். மணிக்கட்டில் இத்தகைய முறிவு சில வாரங்களில் கூடிவிடும். வளர்ச்சி நின்றுபோவது அங்கே மிகக் குறைவு.

முழங்காலுக்கு மேல், தொடை எலும்பின் கீழ்முனையில் நிலைமை வேறு. அங்குள்ள தகடு சமதளமாக இல்லாமல் மேடு பள்ளமாக அலையலையாய்க் கிடக்கிறது. பிளவு ஒரே அடுக்கில் ஓட முடியாமல் அணுக்கள் பிறக்கும் அடுக்கையும் அங்கங்கே கிழித்துச் செல்கிறது. இத்தகைய முறிவுகளில் ஏறத்தாழ பாதியளவில் வளர்ச்சி ஏதோ ஒரு வகையில் பழுதுபடுகிறது. அந்த ஒரு தகடுதான் தொடை எலும்பின் நீளத்தில் சுமார் 70 விழுக்காட்டைத் தருவது. மருத்துவர்களின் எளிய கணக்குப்படி அது ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயது வரையும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயது வரையும் இவ்வளர்ச்சி நீடிக்கிறது.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மதிலிலிருந்து விழுந்து இந்த இடம் முறிந்ததாகக் கொள்வோம். படத்தில் முக்கோணச் சில்லு தெரிகிறது, இரண்டாம் வகை. மருத்துவர் முனையைத் திருப்பி வைத்துக் கம்பி செருகி மாவுக்கட்டுப் போடுகிறார். ஆறு வாரத்தில் கட்டைப் பிரிக்கிறார்கள். படத்தில் எலும்பு கூடிவிட்டது. பிள்ளை நொண்டி நொண்டி நடந்து, பிறகு ஓடவும் தொடங்குகிறான். வீட்டார் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'ஆறு திங்களில் மீண்டும் வாருங்கள்' என்று சீட்டில் எழுதியிருக்கும். நன்றாக ஓடும் பிள்ளையை நாள் கூலியை விட்டுவிட்டு எதற்காக அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டால், கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆறிவிட்டது என்ற சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் ஒன்று, தகடு கொள்ளும் பொருள் ஒன்று. அந்தத் தகடு முழுவதும் மூடிவிட்டிருந்தால், ஆறு ஆண்டுகளின் ஒன்பது மில்லிமீட்டர்கள் சேர்ந்து, பதினாறு வயதில் அக்கால் மற்றதைவிட ஐந்தரை சென்டிமீட்டர் அளவு குட்டையாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் மறுபக்கம் வளர்ந்துகொண்டே போக, முழங்கால் கோணிவிடும்.

மூடுவது எவ்வாறு என்பதுதான் இதில் வியப்புக்குரியது. தகடு முழுமையாக இருக்கும்வரை முனை எலும்பின் நாளங்களும் தண்டின் நாளங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே வேலி போல் தகடு கிடக்கிறது. அது கிழிந்த இடத்தில் இரு பக்கத்து நாளங்களும் சந்திக்கின்றன. நாளங்களோடு எலும்பைக் கட்டும் அணுக்களும் வருகின்றன. அவை தம் இயல்புப்படி கிழிசலை எலும்பால் நிரப்புகின்றன. தண்டையும் முனையையும் பிணைக்கின்ற ஓர் எலும்புப் பாலம் அமைந்துவிடுகிறது. எங்கும் பாராட்டத்தக்க ஆறுதல்தான் இது. இந்த ஓரிடத்தில் மட்டும் அது பூட்டாகிவிடுகிறது. கூடக் கூடாத இரண்டு கூடிவிட்டன. உடல் தன் வேலையில் எந்தப் பிழையும் செய்யவில்லை.

பாலம் விழுந்ததா என்பதை எளிய எக்ஸ் கதிர்ப் படத்திலேயே கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. அதற்கு ஒரே படம் போதாது, கால இடைவெளியில் எடுத்த படங்கள் வேண்டும். கடும் நோயோ பட்டினியோ முறிவோ நேரும்போது எலும்பின் வளர்ச்சி சில நாள் தடைப்படுகிறது. அப்போது தகட்டின் ஓரத்தில் அடர்ந்த எலும்பு குறுக்கே ஒரு வெண்கோடாகப் படிகிறது. வளர்ச்சி மீண்டும் தொடங்கியதும் தகடு முன்னே நகர்கிறது. கோடு இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. 1920களிலும் 30களிலும் இக்கோடுகளை விரிவாக ஆராய்ந்தவர் உடற்கூற்று அறிஞர் ஹென்றி ஆல்பர்ட் ஹாரிஸ். டொரண்டோ ஹாரிஸ் வேறு, இவர் வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எட்வர்ட்ஸ் பார்க்கின் பெயரும் இவற்றோடு சேர்ந்து வழங்குகிறது. தொல்லியலார் பழங்காலக் கல்லறைகளின் எலும்புகளில் இக்கோடுகளைக் கண்டு, அக்குழந்தைகள் பட்ட துன்பத்தை உய்த்துணர முயல்கிறார்கள். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள பிள்ளைகளுக்கு எலும்பை உறுதிப்படுத்தும் மருந்தை நரம்பில் ஏற்றும்போது, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கோடாக வரிக்குதிரை போல் எலும்பில் வரிகள் விழுகின்றன. மருத்துவமனைச் சீட்டு தொலைந்தாலும் எத்தனை முறை மருந்து ஏறியது என்று எண்ணிவிடலாம்.

முறிவுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு திங்களில் எடுத்த படத்தில், இந்தக் கோடு வளர்தகட்டுக்கு இணையாக, எங்கும் ஒரே தொலைவில் நின்றால் தகடு முழுதும் ஒரே சீராக வளர்கிறது என்று பொருள். கோடு சாய்ந்து, ஒரு பக்கம் விலகியும் மறு பக்கம் தகட்டைத் தொட்டும் கிடந்தால், தொடும் இடத்தில் பாலம் இருக்கிறது. கால் இன்னும் கோணவில்லை, பிள்ளைக்கு வலியும் இல்லை. ஆனால் கோடு சொல்லிவிட்டது. மதிலிலிருந்து விழுந்த பையனின் வீட்டார் போகாமல் விட்ட நாளில் தெரிந்திருக்கக் கூடியது இந்தக் கோடுதான். கோணல் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தால், வளர வேண்டிய ஆண்டுகள் சில கழிந்துபோயிருக்கும்.

பாலம் எவ்வளவு பெரியது, நடுவிலா ஓரத்திலா என்பதைச் சொல்ல எளிய படம் போதாது. முன்பு எலும்பை அடுக்கடுக்காகக் காட்டும் எக்ஸ் கதிர்ப் படங்களையும், பின்பு சி.டி. ஸ்கேனையும் கொண்டு பாலத்தை வரைந்தார்கள். இப்பணிக்கு இன்று மிகவும் ஏற்றது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம். 1973இல் பால் லாட்டர்பர் அதன் முதல் உருவங்களை வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர் சுண்ணாம்பைத் தேடுகிறது என்றால், காந்தப் படம் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைத் தேடுகிறது. குருத்தெலும்பில் நீர் மிகுதி. எனவே ஒரு நூற்றாண்டு காலம் வெற்றிடமாகத் தெரிந்த தகடு, சில வகைப் பதிவுகளில் வெண்மையாக ஒளிர்கிறது. பாலம் இருக்கும் இடத்தில் அவ்வெண்மை அறுபடுகிறது. அறுபட்ட இடங்களைத் துண்டு துண்டாகக் குறித்து இணைத்தால் பாலத்தின் வரைபடம் கிடைக்கிறது. கதிர்வீச்சு இல்லை. ஆனால் பேரொலி எழுப்பும் குழலுக்குள் பிள்ளை நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்க நேர்கிறது. செலவும் மிகுதி. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிய படமே முதல் வழி; காந்தப் படம் ஐயம் எழுந்த இடத்துக்கு.

வரைபடம் கையில் வந்த பிறகு என்ன செய்வது? ஹெல்சிங்கி நகர அறுவை மருத்துவர் ஆண்டர்ஸ் லாங்கன்ஷியோல்ட் 1960களிலும் 70களிலும் ஒரு வழியை உருவாக்கினார். பாலத்தைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் பிள்ளையின் உடலிலிருந்தே எடுத்த கொழுப்பை நிரப்பிவிடுவது. எலும்பு மீண்டும் எலும்போடு சேராமல் கொழுப்பு இடையில் நிற்கும். பாலம் தகட்டின் பாதிப் பரப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டு வளர்ச்சியாவது எஞ்சியிருக்க வேண்டும். அப்போதும் எல்லாப் பிள்ளைகளிடமும் வளர்ச்சி திரும்புவதில்லை. திரும்பிய தகடு மற்றக் காலின் தகட்டைவிட முன்னதாகவே மூடிவிடுவதும் உண்டு. பாலம் மிகப் பெரிதானால் வேறு வழிகள்: குட்டையான காலை நீட்டுவது, அல்லது பழுதில்லாத காலின் தகட்டைத் தக்க வயதில் வேண்டுமென்றே மூடிவிடுவது. இந்த இரண்டாவது வழியைப் பெற்றோரிடம் சொல்வது மருத்துவர்க்குக் கடினமான வேலை. அடிபட்ட காலுக்காக நல்ல காலை அறுப்பதா என்று தாய் கேட்பாள். அந்தக் கேள்வி அறியாமையால் எழுவதாக எண்ணக் கூடாது; வளர்ச்சிக் கணக்கைக் கோடு போட்டுக் காட்டிப் பொறுமையாக விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

கொழுப்பு நிரப்பி மூடுவதற்கு முன், அறுவை மருத்துவர் தண்டில் ஒன்றும் முனையில் ஒன்றுமாக இரண்டு சிறிய உலோகக் குறிகளைப் பதித்துவிடுவது வழக்கம். ஹேல்ஸ் பாதிரியாரின் கோழிக்குஞ்சில் இரண்டு துளைகளும் தண்டிலேயே இருந்ததால் தூரம் மாறவில்லை. இங்கே இரண்டு குறிகளுக்கும் நடுவே தகடு கிடக்கிறது. ஆகவே அடுத்தடுத்த படங்களில் அந்தத் தூரத்தை அளக்கிறார்கள். பிள்ளை மூன்று, நான்கு திங்களுக்கு ஒருமுறை வந்து மேசைமேல் காலை நீட்டிப் படுக்கிறான். படம் விளக்குப் பலகையிலோ கணினித் திரையிலோ ஏறுகிறது. அளவுகோல் இரண்டு வெண்புள்ளிகளுக்கு இடையே வைக்கப்படுகிறது. சென்ற முறையைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தால் அதைச் சீட்டில் எழுதி, அடுத்த தேதியைக் குறித்து அனுப்புகிறார்கள்.